பிஞ்சுக் கைகளுக்குக் கருவி தந்த மாண்டிசோரி அம்மையார்



ஒரு காலத்தில் நம் தோட்டப் பள்ளிகளில் கரும்பலகையும் சுண்ணாம்புக்கட்டியுமே ஆசிரியரின் செல்வங்களாக இருந்தன. சிலேட்டும் பலப்பமுமே மாணவனின் செல்வங்களாக இருந்தன. இன்றோ காலம் மாறிவிட்டது. வகுப்பறைக்குள் கணினி வந்துவிட்டது. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பெற்றோரின் கைத்தொலைபேசியே பல பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாக விளங்கியதையும் நாம் கண்டோம்.

இந்நிலையில் பெற்றோர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பே. கணினி என்பது கற்கும் கருவியா, அன்றி விளையாட்டுப் பொருளா? அதனைப் பிள்ளையின் கையில் கொடுக்கலாமா, கூடாதா? வகுப்பறையில் ஒரு கருவியை வைத்துவிட்டால் மட்டும் அறிவு வளர்ந்துவிடுமா?

இக்கேள்வியைக் கணினி பிறப்பதற்கு முன்பே எழுப்பி, அதற்கு விடை காண்பதற்காகத் தம் வாழ்நாளையே செலவிட்டார் ஓர் அம்மையார். அவர் இத்தாலி நாட்டிலே பிறந்தவர். ஆயினும் நம் முன்னோர் கப்பலேறிப் புறப்பட்ட சென்னை மாநகரிலே பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அவர்தாம் டாக்டர் மரியா மாண்டிசோரி. அவருடைய வாழ்க்கை வரலாற்றை இங்குக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31ஆம் நாள், இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அலெஸ்ஸாண்ட்ரோ அரசாங்க அலுவலர். தாயார் ரெனில்டே நூல்களை விரும்பிப் படிப்பவர். மரியா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் தலைநகராகிய ரோமாபுரியில் குடியேறியது.

அந்நாளில் பெண்ணாகப் பிறந்தவள் ஆசிரியை ஆகலாம். அல்லது இல்லத்தரசி ஆகலாம். அதற்கு மேல் ஆசைப்படுவது தகாது என்று ஊரார் எண்ணினர். மரியாவோ கணக்கிலே பெருவிருப்பம் கொண்டிருந்தார். பொறியியல் கற்க விரும்பி, பதின்மூன்றாம் வயதில் ஆண்பிள்ளைகள் மிகுதியாகப் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியிற் சேர்ந்தார். பின்னர் அவர் மனம் மருத்துவத்தின்பால் திரும்பியது. தந்தையார் அதனை விரும்பவில்லை. தாயாரோ மகளுக்குத் துணை நின்றார்.

மருத்துவக் கல்லூரியில் அவர் பட்ட துன்பங்கள் பல. ஆண் மாணவர்களுடன் சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்து ஆராய்வது முறையன்று எனக் கருதப்பட்டமையால், மற்றவர்கள் சென்றபின் மாலை வேளையில் தனியாக அப்பணியை அவர் செய்ய வேண்டியிருந்தது. பிணங்கள் கிடக்கும் அறையிலே தன்னந்தனியே நின்று கற்ற அப்பெண்ணின் மன உறுதியை என்னென்பது! 1896ஆம் ஆண்டில் அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலி நாட்டின் முதற்பெண் மருத்துவர்களுள் ஒருவர் என்னும் பெருமை அவரை அடைந்தது.

அதே 1896ஆம் ஆண்டில்தான் நம் மலாக்காவிலே டான் சே யான் என்னும் வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் மரங்களைப் பயிரிட்டார். மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தொழிலுக்கு அது வித்திட்டது. அத்தோட்டங்களில் உழைக்க வந்தவர்களின் வழித்தோன்றல்களே இவ்விதழைப் படிக்கும் நம்மில் பலர். நம் முன்னோரைப் போன்ற உழைப்பாளிகளின் குழந்தைகளுக்காகவே மரியாவின் வாழ்க்கை பின்னாளில் பயன்பட்டது.

ரொட்டித் துணுக்குகள் காட்டிய வழி

மருத்துவரான பின் மரியா மனநோய் மருத்துவத் துறையில் பணியாற்றினார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் அக்காலத்தில் மனநோயாளர் இல்லங்களிலே அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். அங்கு ஒருநாள் அவர் கண்ட காட்சி அவருடைய வாழ்வையே திருப்பியது என வரலாறு கூறுகின்றது.

உணவு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையிலே ஊர்ந்து, சிதறிக் கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்கள். உடனிருந்தவர்கள் அதனைப் பேராசை என்று எண்ணி அருவருத்தனர். மரியா அறையைச் சுற்றிலும் பார்த்தார். வெறுஞ்சுவர்கள்! கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருள்கூட அங்கில்லை. அக்குழந்தைகளின் பசி வயிற்றுப் பசியன்று. கைகளின் பசி, அறிவின் பசி என்பதை அவர் உணர்ந்தார்.

இத்தார், செகேன் என்னும் பிரெஞ்சு அறிஞர்களின் நூல்களை ஆழ்ந்து கற்று, அக்குழந்தைகளுக்கெனக் கருவிகளைச் செய்வித்துக் கற்பித்தார். கற்க இயலாதவர் என ஒதுக்கப்பட்ட அவர்களிற் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, மற்றப் பிள்ளைகள் எழுதும் தேர்விலே வெற்றியும் பெற்றனர். எல்லாரும் அவரைப் புகழ்ந்தனர். ஆனால், புகழ்ச்சியில் மயங்காத மரியாவின் உள்ளத்தில் வேறோர் ஐயம் எழுந்தது. குறையுள்ள குழந்தைகளே இவ்வளவு முன்னேற முடியுமானால், குறையில்லாத குழந்தைகளைப் பள்ளிகள் எவ்வாறு இவ்வளவு தாழ்நிலையில் வைத்திருக்கின்றன என்பதே அவ்வையம்.

இக்காலத்தில் அவர் ஒரு தாயாகவும் பெருந்துன்பம் அடைந்தார். 1898இல் அவருக்கு மாரியோ என்னும் மகன் பிறந்தான். அக்காலச் சமூகக் கட்டுப்பாடுகள் காரணமாக மகனைத் தம்முடன் வைத்து வளர்க்க இயலாமற் போயிற்று. மாரியோ நாட்டுப்புறத்திலே வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். தாயும் மகனும் ஒன்றுசேரப் பல ஆண்டுகள் ஆயின. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தாயாக விளங்கிய அவ்வம்மையார், தம் பிள்ளையைப் பிரிந்து வாடினார்.

உழைப்பாளிகளின் குழந்தைகள்

ரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் பகுதி இருந்தது. ஏழைத் தொழிலாளர்கள் வாழ்ந்த இடம் அது. தாயும் தந்தையும் விடியற்காலையில் வேலைக்குச் சென்றுவிடுவர். பள்ளி வயதை எட்டாத சிறார்கள் கவனிப்பாரின்றி மாடிப்படிகளில் ஓடித் திரிந்து, சுவர்களிற் கிறுக்கி, கட்டடத்தைப் பாழ்படுத்தினர். கட்டடத்துக்குரியவர்கள் அச்சிறார்களை ஓரறையில் கூட்டிவைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தனர். அப்பொறுப்பை ஏற்குமாறு மரியாவை வேண்டினர்.

தோட்டத்து அன்பர்களே! இக்காட்சி நமக்குப் புதியதா? இருள் விலகுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்வாளியுடன் நிரைக்குப் போகும் தாய், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையிலே விட்டுச் செல்வதை நம் பாட்டிமார் கதை கதையாகச் சொல்வார்கள். அங்கும் அவ்வாறே, இங்கும் அவ்வாறே.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், குழந்தைகள் இல்லம் என்னும் பெயருடன் அப்பள்ளி திறக்கப்பட்டது. ஏறத்தாழ 50 குழந்தைகள் வந்தனர். அழுத கண்களும் அஞ்சிய முகங்களுமாக அவர்கள் நின்றனர். ஆசிரியப் பயிற்சி பெறாத இளம்பெண் ஒருவரே அவர்களைப் பார்த்துக்கொண்டார். புகழ் பெற்ற மருத்துவர் இத்தகைய இடத்தில் வேலை செய்யலாமா என்று நண்பர்கள் முகம் சுளித்தனர். அம்மையார் அதனைப் பொருட்படுத்தவில்லை.

ஒருநாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையிலுள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்திக் கொண்டிருந்தாள். முடித்ததும் அவற்றை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்கினாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் பாடச் செய்தார். சிறுமி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு அவள் தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைகளுக்கு மேல் செய்த பின்னரே, துயிலெழுந்தவள்போல் மலர்ந்த முகத்துடன் நிறுத்தினாள். குழந்தைக்கு மனம் ஒன்றாது என்பது பொய். மனம் ஒன்றத்தக்க வேலையை நாம் கொடுக்கவில்லை என்பதே மெய் என்று அம்மையார் தெளிந்தார்.

மற்றொரு நாள் கருவிகள் வைத்த அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டனர். குழந்தைகள் தாமே திறந்து, தமக்கு வேண்டியதை எடுத்து வேலை செய்யத் தொடங்கியிருந்தனர். ஆசிரியை அதனைத் திருட்டென்று எண்ணினார். அம்மையாரோ, எதைக் கற்க வேண்டும் என்பதைக் குழந்தைகளே அறிந்திருக்கின்றனர் எனக் கண்டு, அவர்களின் கைக்கெட்டும் உயரத்திலே தாழ்வான அலமாரிகளைச் செய்வித்தார்.

பிறிதொரு நாள் மூக்குச் சிந்துவது எவ்வாறு என்பதை ஒரு பாடமாகவே நடத்திக் காட்டினார். கைக்குட்டையை மடித்து, ஓசையின்றி, பிறர் அருவருக்காத வகையில் சிந்திக் காட்டினார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஆனால், குழந்தைகள் கைதட்டி ஆரவாரித்தனர். மூக்கைச் சிந்து என்று அதட்டியவர்களே அவர்களுக்கு அதுவரை உண்டு. எப்படிச் சிந்துவது என்று மரியாதையுடன் கற்றுக் கொடுத்தவர் எவருமிலர். ஏழைக் குழந்தைக்கும் தன்மானம் உண்டு என்பதை அந்நிகழ்ச்சி அவருக்கு உணர்த்தியது.

தாமே திருத்தும் கருவிகள்

எழுத்தறியாத தாய்மார் சிலர் அம்மையாரிடம் வந்து, தம் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக் கொடுக்குமாறு வேண்டினர். அம்மையார் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தைகள் விரலால் அவற்றைத் தடவி, ஒலியைச் சொல்லிப் பழகினர். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் அகரம் எழுதிய வழக்கத்தை இது நினைவூட்டுகின்றது அல்லவா? விரல் அறிந்ததை மனம் மறவாது என்பதை நம் முன்னோரும் அறிந்திருந்தனர்.

சில மாதங்கள் சென்றன. குளிர்காலத்தில் ஒருநாள், ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணாம்புக்கட்டியைக் கொடுத்து, புகைபோக்கி ஒன்றை வரையுமாறு அம்மையார் கூறினார். வரைந்து முடித்த சிறுவன், எவரும் கேளாமலே புகைபோக்கி என்னும் சொல்லைத் தரையில் எழுதினான். தனக்கு எழுத வந்துவிட்டது எனக் கூவினான். மற்றவர்களும் ஓடிவந்து எழுதத் தொடங்கினர். எழுத்தறியாத பெற்றோரின் பிள்ளைகள், ஐந்து வயதிலே எழுதினர்! அச்செய்தி நாடெங்கும் பரவியது.

அவர் அமைத்த கருவிகள் எளியவை. ஒரு சென்டிமீட்டர் முதல் பத்துச் சென்டிமீட்டர் வரை பக்கமுள்ள பத்துக் கனசதுரங்களை அடுக்கினால் ஒரு கோபுரம் ஆகும். ஒரு மணி ஒன்று. பத்து மணிகள் கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்கள் சேர்ந்த கனசதுரம் ஆயிரம். ஆயிரம் என்பது எவ்வளவு பெரிது என்பதைக் குழந்தை கையிலே தூக்கிப் பார்த்து அறிந்தது.

இக்கருவிகளின் சிறப்பு யாது? பிழை செய்தால் கருவியே காட்டிக்கொடுக்கும். உருளையைத் தவறான குழியில் இட்டால், இறுதியில் ஓர் உருளை பொருந்தாமல் எஞ்சி நிற்கும். ஆசிரியர் அதட்ட வேண்டியதில்லை. சிவப்பு மையால் கோடிட வேண்டியதில்லை. குழந்தையே கண்டு, குழந்தையே திருத்தும். பிழை என்பது அவமானம் அன்று. கற்றலின் ஒரு படி என்பதை அது உணரும்.

புகழும் சோதனையும்

1909இல் அம்மையார் தம் முறையை நூலாக வெளியிட்டார். பல நாட்டினரும் ரோமாபுரிக்கு வந்து அவருடைய பள்ளியைக் கண்டனர். 1915இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரப் பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவருள்ள வகுப்பறை ஒன்று அமைக்கப்பட்டது. வெளியே மக்கள் திரண்டு நின்று பார்த்தபோதும், உள்ளே குழந்தைகள் தம் வேலையிலேயே மூழ்கியிருந்தனர்.

பின்னர்ச் சோதனைக் காலம் வந்தது. இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி முதலில் அவருக்கு ஆதரவு காட்டினார். ஆனால், குழந்தைகளைத் தம் கட்சியின் சிறு படைவீரர்களாக ஆக்க விரும்பிய அவருக்கும், குழந்தைகளைச் சுதந்திர மனிதர்களாக வளர்க்க விரும்பிய அம்மையாருக்கும் ஒத்துப்போகவில்லை. 1934இல் இத்தாலியில் அவர்தம் பள்ளிகள் மூடப்பட்டன. ஹிட்லரின் ஜெர்மனியிலும் அவ்வாறே நேர்ந்தது. தாய்நாட்டை விட்டு ஸ்பெயினுக்குச் சென்றார். 1936இல் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டது. பின்னர் நெதர்லாந்தில் அடைக்கலம் புகுந்தார். அறுபத்தைந்து வயதைக் கடந்தபின் மீண்டும் புதிதாகத் தொடங்கவேண்டிய நிலை! அவர் தளரவில்லை.

அடையாற்றில் அம்மையார்

1931இல் இலண்டனில் மகாத்மா காந்தியடிகள் அவரைச் சந்தித்திருந்தார். கவியரசர் தாகூரும் அவருடைய முறையைப் பாராட்டியவர். 1939இல் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், அவருடைய துணைவியாரும் கலாட்சேத்திரத்தை நிறுவியவருமான ருக்மிணி தேவி அம்மையாரும் அவரை அழைத்தனர். சில மாதங்கள் தங்கும் எண்ணத்துடன் மகன் மாரியோவுடன் அவர் வந்தார். அப்போது அவருக்கு வயது 69.

அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளிலே பயிற்சி நடந்தது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 ஆசிரியர்கள் வந்து பயின்றனர். அம்மையார் இத்தாலிய மொழியில் விரிவுரை ஆற்ற, மாரியோ அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயருக்கு இத்தாலியர் பகைவராயினர். மாரியோ அகமத்நகரில் காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரோ அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாதெனக் கட்டுப்படுத்தப்பட்டார். முதுமையிலே மீண்டும் தாய் ஓரிடம், மகன் ஓரிடம் ஆயினர். அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அவருடைய 70ஆம் பிறந்தநாள். அன்று வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மகனையே திருப்பி அளிப்பதாக அது அறிவித்தது. அதுகாறும் வெளியாரிடம் மகன் என்று வெளிப்படையாகச் சொல்ல இயலாதிருந்த மாரியோவை, அரசாங்கத்தின் தந்தியே மகன் என்று அழைத்தது. அவ்வன்னையின் மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ!

பின்னர் அவர் கொடைக்கானல் மலையில் தங்கி, ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான கல்வியை வகுத்தார். செடிகொடிகளும் பூச்சிகளும் பாறைகளும் அங்கே பாடநூல்களாயின. இலங்கைக்கும் சென்று ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். சில மாதங்களுக்கென வந்தவர், 1946 வரை தங்கி, ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆசிரியர்களை உருவாக்கினார்.

1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமைதிக்கான நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில், 81ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். பின்னாளில் இத்தாலி அரசு ஆயிரம் லீரா பணத்தாளில் அவருடைய உருவத்தைப் பொறித்துப் பெருமை செய்தது.

கணினிக்கும் அம்மையாருக்கும் என்ன தொடர்பு?

வகுப்பறைக் கணினியை அவர் கண்டதில்லை. ஆனால், அவர் கண்ட வழியே பின்வந்தோர் நடந்தனர். 1967இல் அமெரிக்காவில் சீமோர் பாப்பர்ட் என்னும் அறிஞரும் அவர்தம் தோழர்களும் குழந்தைகளுக்கென லோகோ என்னும் கணினி மொழியை உருவாக்கினர். அதிலே ஓர் ஆமை உண்டு. ஐம்பது அடி முன்னே போ, தொண்ணூறு பாகை வலப்புறம் திரும்பு என்று நான்கு முறை கட்டளையிட்டால், அவ்வாமை ஒரு சதுரத்தை வரையும். பாகையைத் தவறாகச் சொன்னால் சதுரம் கோணலாகும். எவரும் அதட்டார், குழந்தையே பிழையைக் கண்டு திருத்தும். குழியில் பொருந்தாத உருளையும், கோணலாகச் செல்லும் ஆமையும் ஒரே பாடத்தையன்றோ கற்பிக்கின்றன! அவ்வழியில் 2007இல் வெளிவந்த ஸ்கிராட்ச் என்னும் மென்பொருளை இன்று எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். கூகுள் நிறுவனத்தைத் தோற்றுவித்த லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் இளமையில் மாண்டிசோரிப் பள்ளியிற் பயின்றவர்கள் என்பதும் அறியத்தக்கது.

ஆகவே, பெற்றோர்களே! கணினி நல்லதா, கெட்டதா என்று கேட்பதைவிட, பிள்ளை அதன்முன் என்ன செய்கிறது என்று பார்ப்பதே அறிவுடைமை. பிள்ளை தானே எழுதுகிறதா, வரைகிறதா, கணக்கிடுகிறதா? பிழை நேர்ந்தால் தானே கண்டு திருத்துகிறதா? தன் மனம் ஒன்றி வேலை செய்கிறதா, அன்றி ஒரு படத்திலிருந்து மற்றொரு படத்திற்குத் தாவுகிறதா? முன்னவை நிகழ்ந்தால் அது கற்கும் கருவி. பின்னது நிகழ்ந்தால், அது சுவரையே வெறித்துப் பார்த்த குழந்தைகளின் வெறும் அறைக்கு ஒப்பானது. சுவரிலே வண்ணம் மட்டும் கூடியிருக்கிறது.

கணினி இல்லாத வீட்டுப் பிள்ளையும் வருந்த வேண்டியதில்லை. தோட்டத்திலே பொறுக்கிய ரப்பர் விதைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்துச் சிறு பைகளில் கட்டுங்கள். பத்துப் பைகள் நூறு. அம்மையாரின் மணிகள் கற்பித்த கணக்கை அவ்விதைகளும் கற்பிக்கும். விலையில்லாத விதையும் விலையுயர்ந்த கணினியும் குழந்தையின் கைக்கு வேலை கொடுக்கும்போதே கருவியாகின்றன.

மாணவச் செல்வங்களே! ஏழைத் தொழிலாளியின் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று உலகம் எண்ணியபோது, அப்பிள்ளையின் கையில் எழுத்தைக் கொடுத்து உலகை வியக்க வைத்தவர் மாண்டிசோரி அம்மையார். நாளை கணினி அறையில் அமரும்போது அவரை நினைவுகூருங்கள். பிழை செய்ய அஞ்சாதீர்கள்; செய்த பிழையைத் தாமே திருத்தும்வரை எழாதீர்கள். நாற்பது முறை உருளைகளைப் பொருத்திய அச்சிறுமியின் பொறுமை உங்களுக்கும் வாய்க்குமானால், ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் நம் பெற்றோர் சிந்திய வியர்வை வீண்போகாது.

வாழ்க மாண்டிசோரி அம்மையார் புகழ்! வளர்க நம் தமிழ்ப்பள்ளிகள்!